‘நம்புதகவு’: பண்புசார் ஆய்வின் தரத்துக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

எண்களால் அளக்காமல் மக்களின் பேச்சையும் வாழ்வையும் ஆராயும் பண்புசார் ஆய்வில், ஆய்வை எவ்வளவு நம்பலாம் என்பதைக் குறிக்கும் ‘டிரஸ்ட்வொர்த்தினஸ்’ என்னும் சொல்லுக்கு ‘நம்பகத்தன்மை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நெய்வேலி ஐயா எழுதியிருந்தார். பேச்சுக்கு அது போதும். ஆய்வேட்டுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. கல்வியியல், உளவியல் பாடங்களில் ‘ரிலயபிலிட்டி’யை நம்பகத்தன்மை என்றும் ‘வேலிடிட்டி’யை (அளக்க நினைத்ததையே அளக்கிறோமா என்பதை) ஏற்புடைமை என்றும் நெடுங்காலமாக எழுதி வருகிறோம். அந்த நம்பகத்தன்மை, ஒரே கருவியால் மறுபடி அளந்தால் ஏறத்தாழ அதே விடை வருமா என்று கேட்பது. அதே சொல்லை இங்கும் ஆண்டால், மீனவ ஊரில் மாதக்கணக்கில் பழகி நேர்காணல் எடுத்துவந்த மாணவியிடம் தேர்வாளர், வினாத்தாளின் நம்பகத்தன்மையைக் காட்டும் எண்ணான ‘குரோன்பாக் ஆல்ஃபா எவ்வளவு?’ என்று கேட்பதைத் தவறென்று சொல்ல நமக்கு வழியிராது.

கடலூரின் மீனவ ஊரான தேவனாம்பட்டினத்தில், மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடிப்பக்கம் சுருக்கிப் பிடிக்கும் பெரிய வலையான சுருக்குமடி வலையைப் பற்றி ஆய்வதாகக் கொள்வோம். தமிழக அரசு அவ்வலைக்கு 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தது. வழக்கும் பிழைப்பும் இப்படிப் பின்னிக் கிடக்கையில், வலையில் பங்கு வைத்திருப்பவர் அதிகாரியிடம் ஒன்றும், ஊர்ப் பஞ்சாயத்தில் வேறொன்றும், பழகிய ஆய்வாளரிடம் இன்னொன்றும் சொல்லக்கூடும். அளவுசார் ஆய்வு அதைப் பிழையென்று கழிக்கும். பண்புசார் ஆய்வுக்கோ அந்த வேறுபாடே தரவு. யாரிடம், எங்கே, எதற்காக அவ்வாறு சொன்னார் என்று ஆராய்ந்து விளக்குவதில்தான் ஆய்வின் தரம் இருக்கிறது.

ஆய்வு முறையியலாளர்களான லிங்கனும் குபாவும் டிரஸ்ட்வொர்த்தினஸுக்கென 1985இல் வகுத்த நான்கு அளவுகோல்களைப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருகிறோம். அக ஏற்புடைமை, புற ஏற்புடைமை, நம்பகத்தன்மை, புறவயத்தன்மை ஆகிய நான்குக்கும் ஈடாக அவர்கள் முறையே ‘கிரெடிபிலிட்டி’, ‘டிரான்ஸ்ஃபரபிலிட்டி’, ‘டிபெண்டபிலிட்டி’, ‘கன்ஃபர்மபிலிட்டி’ என நான்கைச் சொன்னார்கள். அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் இணையான சொல்லை முழுமைக்கும் சூட்டினால், எதைக் குறிக்கிறோம் என்பதே குழம்பிவிடும்.

ஆகவே, பள்ளிக் கணக்கில் நிலைத்துவிட்ட ‘நிகழ்தகவு’ போலவே ‘நம்புதகவு’ என்று ஆளலாம் என முன்மொழிகிறேன். நிகழ்தகவைப் படித்தவர் இதையும் ஓர் எண்ணென்று எண்ணக்கூடும் என்னும் மறுப்பு வலுவானதுதான். ஆனால் தகவு என்றால் தகுதி; எண் அங்கே வரையறையால் வந்ததே தவிர சொல்லால் வந்ததன்று. இந்த அடியில் ‘கிரெடிபிலிட்டி’யை மெய்த்தகவு என்னலாம்.

ஓரிடத்தில் கண்டது வேறோர் இடத்துக்குப் பொருந்துமா என்னும் ‘டிரான்ஸ்ஃபரபிலிட்டி’க்குப் ‘பொதுமைப்படுத்தல்’ என்று எழுதுவதை மட்டும் நாம் கட்டாயம் கைவிட வேண்டும். தேவனாம்பட்டினத்தில் கண்டது புதுச்சேரியின் மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்கும் பொருந்தும் என்று ஆய்வாளர் அறிவிப்பதில்லை. அங்கே அரசு வேறு, மீன்பிடி விதிகளை வகுப்போர் வேறு. தம் களத்தைச் செறிவாக விவரித்துத் தருவது ஆய்வாளர் கடமை. பொருந்துமா என்று தீர்மானிப்பவர் வீராம்பட்டினத்தை அறிந்த வாசகர். எனவே ‘இடம்பெயர்தகவு’ என்பேன். எஞ்சிய ‘டிபெண்டபிலிட்டி’, ‘கன்ஃபர்மபிலிட்டி’ இரண்டுக்கும் முறையே சார்தகவு, சரிபார்தகவு என்பவை போதும். இவற்றில் எனக்குப் பிடிவாதமில்லை.

ஒன்றைப் பல தரப்பிலும் கேட்டு ஒப்பிடுவதைக் குறிக்கும் ‘டிரையாங்குலேஷன்’ நில அளவையிலிருந்து வந்த சொல். 1802இல் நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பணியில், தெரிந்த இரு புள்ளிகளிலிருந்து மூன்றாவதன் இடம் ஐயமின்றிக் கிடைத்தது. ஆனால் படகு உரிமையாளர், கூலிக்குப் போகும் தொழிலாளி, மீன் விற்கும் பெண் ஆகிய மூவர் சொல்வதும் ஒரே புள்ளியில் கூட வேண்டியதில்லை; கூடாமையும் ஒரு கண்டுபிடிப்பே. அதனால் ‘முக்கோணமாக்கல்’ என்பதினும் ‘பன்முக ஒப்பாய்வு’ தெளிவானது.

‘மெம்பர் செக்’ என்பதை உறுப்பினர் சரிபார்ப்பு என்றால் எந்தச் சங்கத்து உறுப்பினர் என்று கேட்பார்கள். ‘உரைத்தோர் சரிபார்ப்பு’ என்றால், முடிவுகளைச் சொன்னவரிடமே மீளக் காட்டிக் கேட்பது விளங்கும். யாரிடம் காட்டுவது என்பதையும் இச்சொல் நினைவூட்டும். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் மட்டும் காட்டி ஒப்புதல் பெற்றால், மீன் விற்கும் பெண்கள் அவர்களைப் பற்றிச் சொன்ன குறைகள் ஏட்டிலிருந்து காணாமற்போகக்கூடும்.

ஆய்வு முறையில் தளராத ஒழுங்கைக் குறிக்கும் ‘ரிகர்’ என்பதற்குக் ‘கடுமை’யைவிட ‘நெறிவழாமை’ ஏற்றது. தம் முடிவுக்கு எதிராக நிற்கும் ஒரே ஒருவரின் கூற்றையும் ஒதுக்காமல், அதற்கேற்ப முடிவைத் திருத்தும் எதிர்நிகழ்வுப் பகுப்பாய்வில் (‘நெகட்டிவ் கேஸ் அனாலிசிஸ்’) கடுமை ஏதுமில்லை. நெறி தவறாமை இருக்கிறது. ‘எதிர்நிகழ்வு’ என்பதற்கு இன்னும் நல்ல சொல் இருந்தால் அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து