எபாக்சி அடித்த கார் ஷெட் தரை: டயர் நிற்கும் இடத்தில் மட்டும் உரிகிறது, என்ன செய்யலாம்?

மண்வாசல்:
வணக்கம். கார் ஷெட்டின் சிமெண்ட் தரையில் இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி அடித்து, மேலே வண்ணச் சில்லுகள் தூவியிருக்கிறது. அதற்கு மேல் காப்புப் பூச்சு (டாப் கோட்) கிடையாது. முன் டயர்கள் நிற்கும் இரண்டு இடத்திலும் உள்ளங்கை அளவுக்குப் பூச்சு உரிந்து சிமெண்ட் தெரிகிறது. மற்ற இடங்களில் பிடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பளபளப்பு போய் மங்கலாகிவிட்டது. சோப்புத் தூள் போட்டுத்தான் கழுவி வருகிறோம். கதவை ஒட்டிய பகுதி மட்டும் மஞ்சள் பூத்திருக்கிறது.

உரிந்த இடத்தில் மேலாக எபாக்சி தடவினால் போதுமா, மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டுமா? கழுவ எதைப் பயன்படுத்துவது? மெழுகு பாலிஷ் போட்டால் பளபளப்பு திரும்புமா?

தளவேலை:
தடவுவதற்கு முன் உரிந்த ஒரு செதிலை எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

அடிப்பக்கத்தில் சிமெண்ட் தூளோ மணலோ ஒட்டி வந்திருந்தால், எபாக்சி தன் வேலையைச் செய்திருக்கிறது, தரையின் மேல் தோல்தான் பலமில்லாதது. தளம் போடும்போது தண்ணீர் அதிகமானாலும், ஈரம் வற்றும் முன்பே கரணையால் இழைத்தாலும் இப்படிப் பாலேடு மாதிரி ஒரு மெலிந்த படலம் மேலே வந்துவிடும்.

அடிப்பக்கம் சுத்தமாக, வழவழவென்று இருந்தால் பூச்சு தரையைப் பிடிக்கவே இல்லை. கிரைண்டர் ஓட்டாமல் மழமழப்பான தரையில் அடித்திருப்பார்கள், அல்லது கீழே எண்ணெய்க் கறை இருந்திருக்கும்.

ஈரமாகவோ வெள்ளை உப்பு பூத்தோ இருந்தால் கீழிருந்து ஓதம் ஏறுகிறது. அதற்கு மேல்பூச்சு மருந்தில்லை. 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை, பூச்சில்லாத சிமெண்டின் மேல் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ ஓதம் உறுதி. ஓதத்தைத் தாங்கும் தனி பிரைமர் இல்லாமல் அங்கே எது அடித்தாலும் கொப்பளித்துக் கிளம்பும்.

டயர் இடத்தில் மட்டும் ஏன் என்றால்: ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் பூச்சு சற்று இளகும். ரப்பரை இளக்கமாக வைக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள் பூச்சுக்குள் இறங்கி இன்னும் மென்மையாக்கும். பிறகு டயர் ஆறிச் சுருங்கும்போது பூச்சையும் சேர்த்து இழுக்கும். பிடிப்பு சரியாக உள்ள தரை இந்த இழுப்பைத் தாங்கிவிடும். தண்ணீரில் கரையும் மெல்லிய எபாக்சிதான் இதில் முதலில் தோற்கும். அது காய்ந்தபின் 50–75 மைக்ரான்தான் மிஞ்சும். கரைப்பான் இல்லாத முழுத்திட எபாக்சி 200 மைக்ரானுக்கு மேல் நிற்கும்.

நுரை_இல்லாதவர்:
உரிவதை மேலே சொல்லிட்டாங்க, நான் கழுவுறதுக்கு வர்றேன்.

மங்கலுக்கு முதல் சந்தேகம் சோப்பு மேல்தான். எவ்வளவு அலசினாலும் மெல்லிய படலம் தங்கிடும், அது தூசியைப் பிடிக்கும், ஈரம் பட்டா வழுக்கும். ரெண்டாவது சந்தேகம் மணல். டயர்ல வர்ற மணலை மிதிச்சுத் தேய்க்கத் தேய்க்க உப்புத்தாள் வேலைதான் நடக்கும். அதனால தண்ணீர்க் கழுவலைவிட உலர் துடைப்பு முக்கியம்: அகலமான மைக்ரோஃபைபர் மாப்பால வாரம் ஒரு தடவையாவது தள்ளி எடுங்க.

கழுவணும்னா 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 120 மி.லி. வீட்டு உபயோக அமோனியா (மணமோ சோப்போ சேராதது). கதவைத் திறந்து வையுங்க. ஒரு நேரத்துல 2 மீட்டருக்கு 2 மீட்டர் மட்டும் நனைச்சு, ஸ்பாஞ்ச் மாப்பால தேய்ச்சு, காயறதுக்குள்ள வைப்பரால தள்ளி, நல்ல தண்ணியில அலசுங்க. பழைய சோப்புப் படலம் இருந்தா ஒரே தடவையில போகாது, திரும்பத் திரும்பச் செய்யணும். அமோனியா வாசனை ஆகாதவங்க நியூட்ரல் பி.எச். (அமிலமும் காரமும் இல்லாத) தரை கிளீனர் வாங்கிக்கலாம்.

வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதுவும் வேண்டாம், பளபளப்பை அரிச்சிடும். கம்பி நாரும் வேண்டாம், நைலான் பிரஷ் போதும். மெழுகு பாலிஷ் கண்டிப்பா வேண்டாம். வழுக்கும்ங்கிறது ஒரு பக்கம், நாளைக்கு மறுபடி கோட் அடிக்கும்போது எதுவும் ஒட்டாது.

எஞ்சின் ஆயில் சிந்தினா அன்னைக்குள்ள துடைச்சாப் போதும். பிரேக் ஆயில் அப்படி இல்லை, உடனே துடைக்கணும், பூச்சையே இளக்கிடும். பேட்டரி ஆசிட் விழுந்தா சமையல் சோடா தூவி, பொங்குறது நின்னதும் தண்ணி ஊத்தித் துடைங்க.

கரணை:
மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை: அமோனியா போட்ட தண்ணீரில் பிளீச்சிங் திரவத்தைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும், மூடிய ஷெட்டில் மிக ஆபத்து.

கதவோர மஞ்சள் நிறம் அழுக்கினால் வந்ததல்ல, கழுவினால் போகாது. சாதாரண எபாக்சி வெயிலில் இருக்கும் புற ஊதா ஒளியில் மஞ்சளாகும், அதனால்தான் கதவோரம் மட்டும். வெயிலைத் தாங்கும் பூச்சு வகைகளான அலிஃபாட்டிக் பாலியூரித்தேனோ பாலிஅஸ்பார்ட்டிக்கோ டாப் கோட்டாக அடித்தால் மேற்கொண்டு மஞ்சளாவது பெருமளவு மட்டுப்படும். ஆனால் நிறம் கொண்ட எபாக்சி ஒரு கோட் அடித்து ஏற்கெனவே உள்ள மஞ்சளை மறைத்துவிட்டுத்தான் அதை அடிக்க வேண்டும்.

டயருக்கு அடியில் ரப்பர் மேட் போடச் சொல்வார்கள். அதிலும் அதே பிளாஸ்டிசைசர்தான், பழுப்புக் கறை விழும். பாலிபுரோப்பிலீன் தட்டுகள் பரவாயில்லை. ஜாக்கி ஸ்டாண்டுக்கும் பைக்கின் சைடு ஸ்டாண்டுக்கும் 12 மி.மீ. ப்ளைவுட் துண்டு கட்டாயம்.

மண்வாசல்:
நன்றி. செதிலின் அடிப்பக்கம் சுத்தமாக, வழவழப்பாக இருக்கிறது. பிளாஸ்டிக் தாள் வியர்க்கவில்லை. உரிந்த சிமெண்டில் விட்ட தண்ணீர்த் துளி உறிஞ்சாமல் முத்து மாதிரி நிற்கிறது.

தளவேலை:
அப்படியானால் ஓதம் இல்லை, தரையைக் கீறாமல் அடித்ததுதான் காரணம். துளி நிற்கும் தரையில் எபாக்சியும் இறங்காது.

மற்ற இடங்கள் உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான்கைந்து இடத்தில் கத்தியால் சிமெண்ட் வரை பெருக்கல் குறி போட்டு, நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கோட்டோரம் பெரிய செதிலாக வந்தால் ஒட்டுப்போடுவது வீண், மொத்தமும் கிரைண்டருக்குப் போக வேண்டியதுதான். வராவிட்டால் ஒட்டு போடலாம்.

பட்டித் தகட்டால் ஓரத்தைக் கிளப்புங்கள், தகடு இனி நகராது என்னும் வரை. உள்ளங்கை அளவு முறம் அளவாகும், பயப்பட வேண்டாம். திறந்த சிமெண்டை டைமண்ட் கப் வீல் கிரைண்டரால், தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு வரும் வரை தேயுங்கள். சிலிகா தூசு நுரையீரலுக்குக் கேடு, வேக்யூமும் நல்ல முகமூடியும் இல்லாமல் தொடாதீர்கள். சுற்றியுள்ள பழைய பூச்சில் 5 செ.மீ. அகலத்துக்கு 80 எண் உப்புத்தாளால் சரிவாக இழைத்து, தூசை உறிஞ்சி, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள் (தரையில் ஊற்றாமல், பக்கத்தில் நெருப்போ பொறியோ இல்லாமல்). மறுபடி துளி விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால்தான் அடுத்த வேலை. நிற்கிறது என்றால் இன்னும் தேய்க்க வேண்டும், அல்லது எண்ணெய் இருக்கிறது.

கலவை டப்பாவில் உள்ள விகிதப்படி. அது கன அளவா எடையா என்று படியுங்கள், இரண்டும் ஒன்றல்ல. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை (இறுக வைக்கும் இரண்டாம் பாகம்) கூட்டினால், சேராமல் மிஞ்சும் ஹார்டனர் பூச்சைக் கடைசி வரை பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும். பக்கங்களையும் அடியையும் வழித்து 3 நிமிடம் மெதுவாகக் கலக்கி, வேறு டப்பாவுக்கு மாற்றி இன்னொரு முறை கலக்குங்கள். கலந்ததை டப்பாவில் தேக்கினால் தானே சூடாகி இறுகும், உடனே ஊற்றிப் பரப்புங்கள். ஈரமாக இருக்கும்போதே சில்லுகளைத் தூவுங்கள்.

25 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் கழித்து நடக்கலாம். கார் 7 நாள் கழித்து. குளிர்ந்த காலமென்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கரணை:
ஒட்டு இறுகியபின் முழுத் தரைக்கும் டாப் கோட் அடிப்பதாக இருந்தால், முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டுத் தேயுங்கள். ஈரக்காற்றில் இறுகும் எபாக்சியின் மேல் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற பொருளால் மெழுகு போன்ற படலம் வரும். கழுவாமல் தேய்த்தால் அது பள்ளங்களில் அப்பிக்கொண்டு டாப் கோட்டை ஒட்டவிடாது. பிறகு 100–120 எண்ணில் பளபளப்பு முழுதும் சாகும் வரை தேய்த்தால் போதும். மழைத் தண்ணீர் சொட்டும் ஷெட் என்றால் டாப் கோட்டில் நைசான அலுமினியம் ஆக்சைடு மணல் கலந்துகொள்ளுங்கள். வழுக்காது, ஆனால் மாப்பு கொஞ்சம் சிக்கும்.