வாழை மரத்திலிருந்து ரசாயனம்: தாமிரபரணிக் கரைக்கு ஆகுமா?

பேட்டை_உயிரியல்:
நெல்லை மாவட்டம் களக்காட்டுப் பக்கம் தார் வெட்டிய வாழை மரங்கள் தோட்டத்திலேயே கிடந்து அழுகுகின்றன. அதைச் சர்க்கரையாக்கி, மரபணு மாற்றிய பாக்டீரியாவுக்குத் தீனியாகப் போட்டால் துணி நூலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வேண்டிய ரசாயனம் கிடைக்கும். இப்போது அதில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2006 கடைசியிலேயே மக்காச்சோளச் சர்க்கரையை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குக் கொடுத்து, நூலுக்கு மூலப்பொருளான புரோப்பேன்டையால் என்ற ரசாயனத்தை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் நாமும் ஏன் செய்யக் கூடாது?

ஜங்ஷன்_அக்கா:
ஈ.கோலை வயிற்றுப்போக்குக் கிருமிதானே? ஆற்றில் கலந்தால் பிள்ளைகள் என்ன ஆவது?

பேட்டை_உயிரியல்:
அக்கா, ஈ.கோலையில் பல வகை உண்டு, நோய் தருவது சிலதுதான். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் கே-12 வகை நோய் தராது, குடலில் தங்கவும் திணறும். சர்க்கரை நோயாளிகளுக்கான மனித இன்சுலின் 1982-ல் மருந்தாக அனுமதி பெற்றதே, அதைச் செய்ததும் இந்த ஈ.கோலைதான். மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளுக்கு 1989 முதல் இந்தியாவில் தனி விதிகள் இருக்கின்றன.

களக்காட்டு_வாழை:
தம்பி, கிருமி தப்பிவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. நான் ஏத்தன் வாழை போடுகிறவன், கணக்கைத்தான் பார்க்கிறேன். வெட்டிய மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 10 டன் ஏற்றினால் 9 டன் தண்ணீருக்கு லாரி வாடகை! மிச்சம் நார். அதை உங்கள் ஈ.கோலை அப்படியே தின்னாது. ஆவியில் வேகவைத்து, நொதி ஊற்றி உடைக்க வேண்டும். அது கட்டுப்படியாகவில்லை என்றால் ஆலைக்காரர் மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும்தான் போவார். அப்புறம் அது சாப்பாட்டுக்குப் போட்டி. போதாததற்கு, மட்க விட்டால் அந்த மரம் எனக்கு உரம்.

தண்ணீர் கதை இன்னும் பெரிது. புரோப்பேன்டையாலில் ஆய்வுகளில் வெளியான நல்ல அளவே லிட்டர் ஊறலுக்கு (பாக்டீரியா வளரும் சர்க்கரைக் கரைசலுக்கு) 135 கிராம். ஒரு டன் சரக்குக்கு 7,400 லிட்டர் ஊறல். பிரித்தெடுத்த பின் உப்பும் செத்த பாக்டீரியாவும் கலந்த கழிவு மிஞ்சும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் ஆற்று மீனுக்கு ஆக்சிஜன் மிஞ்சாது. அதே சிப்காட்டிலுள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதற்கு 2016-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது, 2017-ல் தடை நீங்கியது. அந்தக் கோபம் இங்கே இன்னும் ஆறவில்லை.

பேட்டை_உயிரியல்:
அண்ணாச்சி, லாரிக் கணக்கை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். தோட்டத்திலேயே பிழிந்து நாரை மட்டும் ஏற்றலாம். கழிவு நீரைக் காய்ச்சி வடித்துத் திரும்பப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது.

களக்காட்டு_வாழை:
காய்ச்ச எரிபொருள் வேண்டாமா? பெட்ரோலியத்தை விட்டு விலகத்தானே இவ்வளவும்?

பேட்டை_உயிரியல்:
வேண்டும். அதனால்தான் டன் கணக்கில் விற்கும் மலிவுச் சரக்கில் இறங்காமல், கிலோவுக்கு நல்ல விலை போகும் மருந்து மூலப்பொருள், வாசனைப் பொருள் என்று சின்னத் தொட்டியில் தொடங்கலாம் என்கிறேன்.

களக்காட்டு_வாழை:
சரி, அது கேட்கக்கூடிய பேச்சு. தை மாதம் வெட்டு இருக்கிறது. இருபது மரம் நான் தருகிறேன். எவ்வளவு சர்க்கரை இறங்குகிறது, அதற்கு எவ்வளவு தண்ணீர் போகிறது, இரண்டையும் அளந்து இங்கே போடுங்கள்.