விளம்பரமா, சந்தாவா: ஊடகங்கள் எதை நம்புவது?

கேள்வி:
ஊடக மேலாண்மை படிக்கிறேன். இணையம் வந்ததும் செய்தித்தாள்களின் வருமானம் சரிந்தது என்கிறார்கள், ஆனால் மக்கள் இன்றும் செய்தி படிக்கத்தானே செய்கிறார்கள்? அப்புறம் பணம் எங்கே போனது?

பதில் 1:
வாசகர் போகவில்லை, விளம்பரதாரர் போய்விட்டார். முன்பு அச்சு இயந்திரமும் விநியோகமும் யாரிடம் இருந்ததோ அவரிடம்தான் மக்களின் கவனமும் இருந்தது, அதனால் வரி விளம்பரம் (வாடகைக்கு வீடு, வேலைக்கு ஆள் என்று சில வரிகளில் வரும் சிறு விளம்பரம்) முதல் முழுப்பக்க விளம்பரம் வரை அவரிடமே வந்தாக வேண்டியிருந்தது. கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற அமெரிக்க இணைய விளம்பரத் தளம் மாதிரியானவை வரி விளம்பரத்தைப் பெரும்பாலும் இலவசமாக்கின. பிறகு கூகுளும் ஃபேஸ்புக்கும், யார் எதைத் தேடுகிறார் என்று தெரிந்துகொண்டு ஆளுக்கு ஏற்ற விளம்பரம் காட்ட ஆரம்பித்தன. செய்தி சேகரிக்கும் செலவு மட்டும் பத்திரிகையிடமே தங்கிவிட்டது. எனக்கு இதுதான் வலிக்கிறது.

பதில் 2:
சரிதான், ஆனால் மாறியவர்களும் இருக்கிறார்கள். நியூயார்க் டைம்ஸ் 2011-இல் இணையதளத்துக்குக் கட்டணம் வைத்தது, இன்று விளம்பரத்தைவிடச் சந்தாவில்தான் அதிகம் சம்பாதிக்கிறது. தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ் 2007-இல் ஸ்ட்ரீமிங் தொடங்கியது.

பதில் 3:
அடுத்தவர் தளத்தை நம்பி மட்டும் வாசகரைச் சேர்க்காதீர்கள். 2018-இல் ஃபேஸ்புக் நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுத்ததும், அதையே நம்பியிருந்த பல செய்தித் தளங்களுக்கு வருகை குறைந்தது. மின்னஞ்சல் மடல், சொந்தச் செயலி என்று வாசகரோடு நேரடித் தொடர்பு இருந்தால் அந்த அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது.