ஃபைனல் ஃபேண்டஸி 10: இருநூறு மின்னல் தாண்டியவர்கள் உதவவும்

2001-ல் வந்த வீடியோ கேம், இப்போது கணினியில் ஹெச்டி ரீமாஸ்டர் (படத்தரம் மெருகேற்றிய) பதிப்பு ஓடுகிறது. கதை முடியும் தறுவாயில். ஆனால் லூலு என்ற பாத்திரத்தின் ஆயுதமான ஆனியன் நைட் முழு பலம் பெறாமல் கடைசிச் சண்டைக்குப் போக மனசு வரவில்லை. பாஜ் கோயிலில் அந்த ஆயுதம், ஃபார்பிளேனில் அதற்குப் பலமேற்றும் வீனஸ் கிரெஸ்ட், இரண்டும் கைக்கு வந்தாச்சு. பலமேற்றத் தேவையான இன்னொரு பொருள் வீனஸ் சிஜில் மட்டும் பாக்கி. அதற்கு தண்டர் பிளெயின்ஸ் என்ற இடி மின்னல் சமவெளியில் தொடர்ச்சியாக 200 மின்னல் தப்ப வேண்டும். ஒன்று மேலே விழுந்தாலும் மறுபடி பூஜ்ஜியம். திரையில் எண்ணிக்கையும் காட்டாது, என்ன கொடுமையோ!

தெற்குப் பாதியில் உள்ள பள்ளத்துக்குள் இறங்கி ஏறினால் மின்னல் வரும், அந்த முறைதான். பூஸ்டரில் (இந்தப் பதிப்பிலுள்ள உதவி வசதி) எதிரிகள் வருவதை நிறுத்தியாச்சு (அது இல்லாதவர்களுக்கு: 30 பியூரிஃபையிங் சால்ட் போட்டு கவசத்தில் நோ என்கவுன்டர்ஸ், அதாவது எதிரிகள் வராத திறன், சேர்க்கலாம்). 50 மின்னல் தப்பியதற்கான பரிசு, ஸ்ட்ரெங்த் ஸ்பியர் மூன்றும் பெட்டியில் வந்துவிட்டது. அதைத் தாண்டினால் தொடர் அறுந்துபோகிறது.

சந்தேகம் டிவி மேல்தான். மின்னலுக்கு முன் திரை வெளுத்ததும் எக்ஸ் பட்டனை அழுத்தினாலும் சில நேரம் நாயகன் டைடஸ் குதிப்பதில்லை. டிவியில் கேம் மோடு போட்டும் இப்படித்தான்; அல்லது ப்ளூடூத் கன்ட்ரோலரில்தான் தாமதமா? வயர் மாட்டினால் வித்தியாசம் தெரியுமா? வி-சிங்க் (படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வசதி) அணைக்கலாமா? இடையில் பாஸ் போட்டு (விளையாட்டை நிறுத்திவைத்து) ஓய்வெடுத்தால் தொடர் அறுமா? செய்து முடித்தவர்கள் எந்த செட்டிங் என்று சொல்லுங்கள்.