ஒல்லாந்தக் குடும்ப ஓவியங்களில் உரோமத் தெய்வங்கள் ஏன்?

கோட்டையடி வாசகி:
வணக்கம். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் தாயகத்தில், 18ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட குடும்ப ஓவியங்களைப் பற்றிக் கட்டுரை எழுதிவருகிறேன். அவற்றுள் ஒன்றில் தாய் திராட்சைக் குலையைக் காம்பில் பிடித்திருக்கிறாள். பின்னே தலைக்கவசம் அணிந்த பெண் தெய்வத்தின் கற்சிலை நிற்கிறது. கதவின் மேலே குழந்தைகள் கல்லிற் செதுக்கியது போலத் தெரிகின்றனர். நமது கோட்டைக்குள் 1706இல் தேவாலயம் எழுப்பிய, உருவ வழிபாட்டை மறுத்த அதே புரட்டஸ்தாந்துச் சபையினர் இவற்றை எவ்வாறு ஏற்றனர்?

நல்லூரான்:
சபையின் கண்டிப்பு வழிபாட்டிடத்தைச் சார்ந்தது. 1566இல் நெதர்லாந்துத் தேவாலயங்களின் சுருவங்கள் உடைக்கப்பட்டன. நீங்கள் சொல்லும் தலைக்கவசத் தெய்வம் உரோமரின் மினர்வா. வீட்டுச் சுவரிலுள்ள மினர்வாவை எவரும் வணங்காததால், அவள் அறிவையும் கல்வியையும் குறிக்கும் உருவமாகவே நின்றாள். வணிகத்துக்கு மெர்க்குரி, மணவாழ்வுக்கு ஜூனோவின் மயில் என்ற வழக்குகளும் இருந்தன. எந்த உருவம் எதைக் குறிக்கும் என்று விளக்கும் இத்தாலியர் செசாரே ரீப்பாவின் குறியீட்டு நூல் 1644இலேயே டச்சு மொழியில் வெளிவந்துவிட்டது. 1707இல் வெளியான ஜெரார்ட் டி லெரெஸின் பெரும் ஓவிய நூலோ, உருவப்படத்துக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கி, வரையப்படுபவரின் நிலைக்கும் இயல்புக்கும் பொருந்தும் பொருட்களையே சேர்க்குமாறு கற்பித்தது.

வண்ணை வாசகர்:
திராட்சையை உரோமத்தில் மட்டும் தேட வேண்டாம். மனைவி கனிதரும் திராட்சைக்கொடி போலவும் பிள்ளைகள் ஒலிவக் கன்றுகள் போலவும் இருப்பர் என்கிறது 128ஆம் சங்கீதம். காம்பைப் பிடிப்பதற்குத் தனிப் பொருள் உண்டு: கையால் தொட்டால் பழத்தின் மேலுள்ள மெல்லிய வெண்படலம் அழிந்துவிடும். இதைக் கொண்டு ஒல்லாந்தக் கவிஞர் யாகோப் கட்ஸ் 1618இல் கன்னிமையின் தூய்மையை விளக்கினார். ஓவியர்கள் அதை மணமான பெண்ணின் கற்புக்கும் உரியதாக்கினர்.

பண்ணைக்கரை:
ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். எல்லாவற்றுக்கும் பொருள் தேடினால் ஓவியமே மறைந்துவிடும். அந்தக் குழந்தைகள் வீட்டில் உண்மையாகவே இருந்த அலங்காரமாகலாம். ஆம்ஸ்டர்டாமில் யாகோப் டி விட் (1695–1754) சலவைக்கல் புடைப்புச் சிற்பமென்றே நம்பும்படி இத்தகைய குழந்தைகளைச் செல்வர் வீடுகளின் கதவுகளுக்கு மேல் தீட்டினார். தூண்களும் அப்படியே: நம்மூர்ப் பழைய ஸ்டூடியோக்களில் திரைச்சீலையில் எழுதிய மாடிப்படி போல, பல வேளைகளில் மதிப்பைக் காட்டும் பின்னணி மட்டுமே. குடும்பத்தாரின் கையோ பார்வையோ சிலையை நோக்கிச் செல்கிறதா என்று பாருங்கள்.

கோட்டையடி வாசகி:
மிக்க நன்றி. தந்தையின் விரித்த கை சிலையைச் சுட்டுகிறது. அதன் அடியில் மூத்த மகன் புத்தகத்துடன் நிற்கிறான். மினர்வாவை அவனது கல்வியோடு சேர்த்தே எழுதுகிறேன். கதவின் மேலுள்ள குழந்தைகளை வீட்டு அலங்காரமாகக் கொள்கிறேன்.