புதுப்பிப்பு: அட்வான்ஸ் பணம் பெரும்பாலும் வந்துவிட்டது

வீட்டைக் காலி செய்ததும் பெயின்ட், சுத்தம் என்று சொல்லி உரிமையாளர் அட்வான்ஸில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எழுத்தில் கேட்டதுதான் பலித்தது. எதற்கு எவ்வளவு பிடித்தீர்கள், ரசீது எங்கே, மீதி எந்தத் தேதிக்குள் வரும் என்று கேட்டு, குடிவந்த அன்று எடுத்த படங்களையும் என் புது முகவரியையும் சேர்த்து அனுப்பினேன். மனிதர்கள் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும், கட்டில் கால் இருந்த இடத்தில் தரையில் தடம் விழத்தான் செய்யும். அது இயல்பான தேய்மானம், அதற்குத்தான் மாதாமாதம் வாடகை கொடுத்தோம். குளியலறைக் கண்ணாடியில் விரிசல் நாங்கள் இருந்தபோது விழுந்தது, அதற்குப் பிடித்தது நியாயம். ஆனால் பல வருடப் பழைய பெயின்டுக்குப் புது பெயின்டின் முழுச் செலவையும் கேட்பது அநியாயம். அட்வான்ஸ் உரிமையாளர் கையில் இருந்தாலும் அது குடியிருந்தவரின் பணம், பிடித்தம் சரிதான் என்று காட்ட வேண்டியவர் அவர்தான்.

அப்புறம், காலி செய்யப் போகிறவர்கள் சாவியைக் கொடுக்கும்போதே ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள், கடைசி மீட்டர் ரீடிங்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தர உங்கள் ஊர்ச் சட்டத்தில் கெடு இருந்தால் கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.