188,000 ஓடின ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கலாமா? ரெண்டு பேரும் ஓடுறதுக்கு எது சரி?

புதுக்குடியிருப்பு_ரெண்டுபேர்

வணக்கம் உறவுகளே. நானும் மனுசியும் சேர்ந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கப் பாக்கிறம். கிழமையில அஞ்சு நாள் புதுக்குடியிருப்பில இருந்து ஏ35ஆல விசுவமடு, பரந்தன் வழியா கிளிநொச்சி. மாதத்தில ஒருக்கா கொழும்பு. வீட்டு ஒழுங்கை ஒண்டரைக் கிலோமீற்றர் கிரவல். ரெண்டு பேருமே ஓடுவம். அவ அஞ்சடி ஒரு அங்குலம், நான் கிட்டத்தட்ட ஆறடி. இடைக்கிட அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகவும் வேணும்.

மூண்டு கார் பாத்து வைச்சிருக்கிறம்:
ஹொண்டா சிஆர்-இசட், 2011, ஆறு கியர் மனுவல், 142,000 கி.மீ.
ரொயோட்டா செலிக்கா, 2001, 2இசட்இசட் எஞ்சின், 188,000 கி.மீ.
மஸ்டா ஆர்எக்ஸ்-8, 2004, 96,000 கி.மீ.

மனுசிக்கு சிஆர்-இசட் விருப்பம், எனக்குச் செலிக்கா. ஆர்எக்ஸ்-8 குறைவா ஓடியிருக்கு, பின்னுக்கும் கதவு இருக்கு எண்டு ரெண்டு பேருக்கும் ஒரு ஆசை. காசு குடுக்க முதல் என்னென்ன பாக்கோணும்? 188,000 எண்டது கூடவா?

ஸ்பனர்14

தம்பி, மூண்டிலயும் குறைவா ஓடின ஆர்எக்ஸ்-8 தான் கூடக் கவனிக்க வேண்டியது. அதில இருக்கிறது 654 சிசி அறை ரெண்டு கொண்ட ரோட்டரி எஞ்சின். பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்தும். அதின்ர மூண்டு முனையிலயும் உள்ள அபெக்ஸ் சீல் தேஞ்சா கொம்பிறஷன், அதாவது எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கிற அழுத்தம், போயிடும். 96,000 எண்டது அந்த எஞ்சினுக்கு இளம் வயதில்லை. சாதாரண கொம்பிறஷன் கேஜ் போட்டா மூண்டு முகத்தில நல்ல முகத்தின்ர அளவை மட்டும்தான் காட்டும், பழுதான முகம் ஒளிஞ்சு நிண்டிடும். ரோட்டரிக்கெண்டு உள்ள கருவியால ஒவ்வொரு முகமாப் பாக்கோணும். 250 ஆர்பிஎம்முக்கு (நிமிசத்துக்கு 250 சுத்து) திருத்தின கணக்கில 680 கிலோபஸ்கலுக்குக் கீழ போனா எஞ்சின் இறக்கத்தான் வேணும். அந்தக் கருவி கிடைக்காட்டி, இருபது நிமிசம் நல்லாச் சூடாக ஓடி நிப்பாட்டி, பத்து நிமிசம் விட்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ. சூட்டில இழுத்து இழுத்து எடுத்தா அதோட விட்டிடுங்கோ.

இன்னொண்டு, அந்த எஞ்சின் ஒயிலைத் தானே குடிக்கும். சீலுக்கு வழுக்கல் குடுக்க ஒரு பம்ப் ஒயிலை உள்ளுக்கு விடுற மாதிரித்தான் செய்து வைச்சிருக்கிறாங்கள். ரெண்டு தரம் பெற்றோல் அடிச்சா ஒருக்கா டிப்ஸ்ரிக் (ஒயில் அளக்கிற கம்பி) பாக்கோணும். குளிர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு மீற்றர் தள்ளி விட்டிட்டு ஓஃப் பண்ணினா பெற்றோல் மூழ்கி அடுத்த தரம் எழும்பாது. ரெண்டு பேர் மாறி மாறி எடுக்கிற வீட்டில, ஒருவர் மற்றவருக்கு வழி விடக் காரை அரக்கி வைக்கிறது நாளாந்தம் நடக்கும். அந்தப் பழக்கத்துக்கு இந்த எஞ்சின் ஒத்துவராது.

செலிக்காவுக்கு 188,000 பயப்பிடுற இலக்கம் இல்லை, ஒழுங்கா ஒயில் மாத்தியிருந்தா. 2இசட்இசட் எஞ்சினில 6,000 ஆர்பிஎம் தாண்ட, வால்வைத் திறக்கிற பெரிய காம் பிடிச்சு, சத்தமும் இழுவையும் சட்டெண்டு மாறும். லிஃப்ற் எண்டு சொல்லுறது அதைத்தான். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்தாப் பிறகு ரெண்டாம் கியரில 7,000 மட்டும் கொண்டுபோங்கோ. மாற்றமே தெரியாட்டி முதல் ஒயில் மட்டத்தைப் பாருங்கோ, குறைஞ்சிருந்தாலும் லிஃப்ற் வராது. ஒயில் சரியா இருந்தும் வராட்டி, வால்வைத் தள்ளுற றொக்கர் கையளைத் தாங்குற ஷாஃப்ற்றில உள்ள லிஃப்ற் போல்ற் தேஞ்சிருக்கும். 2002க்கு முந்தின எஞ்சினுகளில இது தெரிஞ்ச வருத்தம். வால்வ் கவரைக் கழட்டி போல்ற்றை வெளியில எடுத்தா, முனைப் பக்கம் ஒரு பக்கமா அரிஞ்சு போயிருக்கிறது கண்ணுக்கே தெரியும். போல்ற் பெரிய செலவில்லை, பின்னாளில திருத்தி வந்த போல்ற்றைப் போட்டா முடிஞ்சுது.

பயப்பிட வேண்டியது வேற. அந்த எஞ்சின்ர சிலிண்டர் சுவர் சாதாரண இரும்பு லைனர் இல்லை, அலுமினியத்தோட கலப்புப் பொருள் சேத்து வார்த்தது. கீறல் விழுந்தா எங்கட லேத்தில போர் அடிச்சு (சிலிண்டரைக் கடைஞ்சு பெருப்பிச்சு) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுற கதை நடக்காது. இன்னொரு எஞ்சின் தேடோணும். அதால கொம்பிறஷன் பாக்காமல் வாங்க வேண்டாம். நாலு பிளக்கும் கழட்டி, திறொட்டில் முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலயும் கேஜைப் பூட்டி அஞ்சாறு சுத்து சுத்திப் பாருங்கோ. ஒண்டுக்கொண்டு பத்து வீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா, குறைஞ்ச சிலிண்டருக்குள்ள ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திருப்பிப் பாருங்கோ. ஏறினா றிங் அல்லது சுவர், ஏறாட்டி வால்வ்.

11.5க்கு 1 கொம்பிறஷன் விகிதம் உள்ள எஞ்சின் அது, 95 ஒக்ரேன் பெற்றோல் தான் அடிக்கோணும். நீங்கள் போய்வாற வழியில எந்தச் செட்டில 95 ஒழுங்கா இருக்கு எண்டு வாங்க முதலே கேட்டு வையுங்கோ.

சிஆர்-இசட்: 1.5 லீற்றர் எஞ்சின், ரைமிங் செயின், 0டபிள்யூ-20 ஒயில். எஞ்சின் பக்கம் பெரிசாச் சொல்ல ஒண்டும் இல்லை. எஞ்சினோட மின்சார மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட் கார் அது, பாக்க வேண்டியது அந்த ஹைபிரிட் பற்றறி. 2011 மொடலில இருக்கிறது 100 வோல்ற் நிக்கல் பற்றறி. 2012 கடைசியில வந்த திருத்தின மொடலுக்குத்தான் லிதியம். ஒரு நேர் றோட்டில மூண்டாம் கியரில நாலைஞ்சு தரம் அக்சிலேற்றரை முழுக்க அழுத்தி, மீற்றரில சார்ஜ் காட்டுற பற்றறிக் கோட்டைப் பாத்துக்கொண்டிருங்கோ. ஒவ்வொரு கோடா இறங்கினா நல்லம். பாதிக்கு மேல நிண்டது திடீரெண்டு அடிமட்டத்துக்கு விழுந்து, உடன சார்ஜ் ஏறத் தொடங்கினா செல் சோர்ந்து போச்சு. காலமை முதல் ஸ்டார்ட்டையும் கேளுங்கோ. வழமையில ஹைபிரிட் மோட்டர் தான் எஞ்சினைச் சத்தமில்லாமல் எழுப்பும். எங்கட வெக்கையில, நேற்று ஓடின கார் இண்டைக்குச் சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டர் சத்தத்தோட எழும்பினா, பெரிய பற்றறியில சார்ஜ் நிக்கேல்லை.

கிரவல்_றோட்டு

ஸ்பனர் அண்ணை எஞ்சினைச் சொல்லிட்டார். நான் வன்னிக்கெண்டு பாக்க வேண்டியதைச் சொல்லுறன்.

முதலாவது புழுதி. ஸ்போர்ட்ஸ் கார் வைச்சிருந்த ஆக்கள் பெரும்பாலும் ஒறிஜினல் எயார் பில்ற்றர் பெட்டியைக் கழட்டி எறிஞ்சிட்டு, திறந்த கோன் பில்ற்றர் போட்டிருப்பினம். கொழும்புத் தார் றோட்டில ஓடினா ஒரு கதை, இங்க கிரவலில வேற கதை. பில்ற்றருக்குப் பிறகு வாற குழாயைக் கழட்டி உள்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கோ. ஈரமான ஒயில் கறை இருந்தாப் பரவாயில்லை. செம்மண் நிறத்தில மா மாதிரி ஒட்டிச்செண்டா, அந்தத் தூள் சிலிண்டருக்குள்ளயும் போயிருக்கு. அது மண்கடதாசி போட்டுத் தேய்ச்ச மாதிரி. செலிக்காவில இது கண்டா கொம்பிறஷன் நல்லா வந்தாலும் விலையில நல்லாக் குறைச்சுக் கேக்கோணும். நானெண்டா வேற கார் பாக்கச் சொல்லுவன். ஒறிஜினல் பெட்டி இருக்கோ எண்டும் கேளுங்கோ, வாங்கினவுடன திருப்பிப் பூட்டத் தேவைப்படும்.

ரெண்டாவது தண்ணி. எங்கட கிணத்துத் தண்ணி உப்பும் சுண்ணாம்பும். கூலன்ற் குறையேக்க கிணத்துத் தண்ணி ஊத்தி ஊத்தி ஓடின கார் எண்டா, குளிர்ந்த நேரம் ரேடியேற்றர் மூடியைத் திறந்தவுடன கழுத்துப் பக்கம் கேத்திலுக்குள்ள பிடிக்கிற மாதிரி வெள்ளைப் படை தெரியும். அந்தப் படை ரேடியேற்றரின்ர மெல்லிய குழாயளுக்குள்ளயும் இருக்கு. ஊருக்குள்ள ஓடேக்க ஒண்டும் தெரியாது, ஏசி போட்டு ஏ9இல ஒரு மணித்தியாலம் இழுத்தாத்தான் சூடு காட்டுற ஊசி ஏறும். ஆர்எக்ஸ்-8இல ஊசி நடுவில நிண்டபடியே நிறையச் சூடாகும், அதால அதை நம்பாமல் காரில பூட்டி வாசிக்கிற ஸ்கானரில உண்மையான வெப்பப் பாகையைப் பாருங்கோ. ரேடியேற்றரின்ர மேல் பிளாஸ்ரிக் கறுப்பு மாறிப் பழுப்பாப் போயிருந்தா வெடிக்க நாள் இல்லை.

மூண்டாவது அடிப்பக்கம். ஒழுங்கையின்ர நடுத் திட்டு எவ்வளவு உயரம் எண்டு வீட்டில அளந்துகொண்டு போங்கோ. ரெண்டு பேரும் ஏறி இருக்க, மூண்டாம் ஆள் காரின்ர ஆகக் கீழ உள்ள இடத்தில இருந்து நிலத்துக்கு அளக்கோணும். ஸ்பிறிங் வெட்டி இறக்கின காரெண்டா எடுக்கவே வேண்டாம். செலிக்காவிலயும் சிஆர்-இசட்டிலயும் முன் சக்கரத்தை முழுக்க வெட்டி, மெதுவா வட்டம் அடியுங்கோ. டக் டக் எண்டா, முன் சக்கரத்தைச் சுத்துற அச்சில உள்ள சிவி மூட்டு. றப்பர் உறை கிழிஞ்சு கிறீஸுக்குள்ள மண் போனதால வாறது. சத்தம் வந்தாப் பிறகு உறை மட்டும் மாத்திப் பிரியோசனம் இல்லை.

சிஆர்-இசட்டில இன்னொண்டு. ஹைபிரிட் பற்றறி டிக்கித் தட்டுக்குக் கீழ இருக்கு, காருக்குள்ள உள்ள காத்தை இழுத்துத்தான் அது குளிரும். கண்ணாடியைத் திறந்துபோட்டுக் கிரவலில ஓடினா அந்த விசிறி புழுதியால அடைபட்டு, பற்றறி சூடாகிச் சாகும். கண்ணாடியை மூடி ஏசியோட ஓடுங்கோ. விசிறியைக் கழட்டிச் சுத்தம் செய்ய ஹைபிரிட் தெரிஞ்ச ஆளிட்டைக் குடுங்கோ. தோடம்பழ நிற வயர் போற இடத்தில வேற ஆரும் கை வைக்கக் கூடாது.

ரயரும் பாருங்கோ. சிஆர்-இசட்டுக்கு 195/55ஆர்16, தேடி எடுக்கலாம். ஆர்எக்ஸ்-8க்கு 225/45ஆர்18, அந்த மெல்லிய பக்கச் சுவரோட கிரவல் குழியில விழுந்தா ரிம் வளையும். ரயரின்ர பக்கச் சுவரில உள்ள நாலு இலக்கம் அது செய்த வாரமும் வருசமும்: 2319 எண்டா 2019இன் 23ஆம் கிழமை. பூ இருந்தாலும் ஆறு வருசம் தாண்டினா மாத்துற கணக்கை விலையில சேருங்கோ.

ஒட்டுசுட்டான்_அக்கா

தம்பி, ரெண்டு பேரும் சேர்ந்து போறதை நல்லாப் பயன்படுத்துங்கோ, தனி ஆளால பாக்கேலாத கன விசயம் இருக்கு.

விக்கிறவரிட்ட “நாங்கள் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” எண்டு முதல் நாளே சொல்லுங்கோ. நீங்கள் கதைச்சுக்கொண்டு நிக்க, தங்கச்சி பொனெட்டில கையை வைச்சுப் பாக்கட்டும். சூடா இருந்தா எதையோ மறைக்கினம், இன்னொரு நாள் போங்கோ. ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றவர் சைலன்சருக்குப் பின்னால வெள்ளைக் கடதாசி பிடிச்சபடி நிக்கோணும். நீலப் புகை எண்டா ஒயில். வெள்ளைப் புகை சூடாகியும் நிக்காட்டி தண்ணி. பிறகு ஒருவர் காரில, மற்றவர் பின்னால மோட்டார்சைக்கிளில. அக்சிலேற்றரை விட்டுக் கொஞ்சத் தூரம் உருட்டித் திருப்பி அழுத்தேக்க பக்கெண்டு நீலப் புகை வந்தா வால்வ் சீல். உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கு இது ஒருநாளும் தெரியாது.

ஓடிப் பாக்கேக்க ரெண்டு பேரும் ஒரே றோட்டில, ஒரே தூரம். அஞ்சடி ஒரு அங்குலத்துக்குக் கிளட்ச் தான் முதல் பிரச்சினை. சீற்றை முன்னுக்கு இழுத்து, கிளட்சை அடிமட்டும் அழுத்தேக்க முழங்கால் கொஞ்சம் மடிஞ்சபடி இருக்கோணும், இடுப்பு நகரக் கூடாது. அந்த இருப்பில ஸ்ரியறிங் நெஞ்சுக்கு ஒரு அடியாவது தள்ளி இருக்கோ, பொனெட்டுக்கு முன்னால எவ்வளவு தூரத்தில நிலம் தெரியுது எண்டு பாருங்கோ. சிஆர்-இசட்டின்ர பின் கண்ணாடி ரெண்டாப் பிரிஞ்சது, நடுவில ஒரு சட்டம் போகும். ரிவேர்ஸ் எடுத்துப் பழகிப் பாக்காமல் முடிவு எடுக்க வேண்டாம். கிளட்ச் வழுக்குதோ எண்டறிய, நாலாம் கியரில மணிக்கு 40 கிலோமீற்றரில போய் அக்சிலேற்றரை முழுக்க அழுத்துங்கோ. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாட்டி தட்டு முடிஞ்சுது.

ஓடி முடிய ஒருவரோட ஒருவர் கதைக்காமல், ரெண்டு பேரும் தனித்தனிக் கடதாசியில பிடிக்காத மூண்டு விசயத்தை எழுதுங்கோ. முதலில கதைச்சா ஒராள் மற்றவரின்ர ஆசைக்கு விட்டுக்குடுத்திடுவார், பிறகு ஆறு மாதத்தில அந்தக் காரை ஒராள் மட்டும்தான் ஓடுவார்.

அம்மாவின்ர விசயம்: சிஆர்-இசட்டின்ர பின் சீற் பையள் வைக்கத்தான். செலிக்காவிலயும் முன் சீற்றை மடிச்சுக் குனிஞ்சு பின்னால ஏறுறது வயசான ஆக்களால ஏலாது. எந்தக் கார் எடுத்தாலும் அவவுக்கு முன் சீற்தான், அண்டைக்கு உங்களில ஒராள் வீட்டில. அந்தப் பதிஞ்ச சீற்றில இருந்து எழும்ப அவவுக்கு முழங்கால் விடுமோ எண்டு வாங்க முதல் ஒருக்கா ஏத்தி இருத்திப் பாருங்கோ.

ஏ9_மாங்குளம்

வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பாக்க மறந்திடாதேங்கோ. எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் காரில வாசிச்சுப் புத்தகத்தோட ஒப்பிடோணும். இந்த வகைக் காருகளில எஞ்சின் மாத்துறது சர்வசாதாரணம். மாத்தினது புத்தகத்தில பதியாட்டி பின்னுக்கு விக்கேக்க மாட்டுப்படும். லீசிங் கம்பனியின்ர பெயர் புத்தகத்தில இருந்தா, அது நீங்கின பிறகுதான் காசு. விக்கிறவர் புத்தகத்தில உள்ள உரிமையாளர் இல்லாமல், கையெழுத்து வைச்ச வெற்றுப் பெயர்மாற்றப் பத்திரத்தை மட்டும் நீட்டினா எடுக்காதேங்கோ.

மீற்றர் திருப்பினதோ எண்டறிய, யப்பானில ஒட்டின ஒயில் மாத்தின ஸ்ரிக்கர் சாரதிக் கதவு ஓரத்தில அல்லது பொனெட்டுக்குள்ள இருக்கும், அதில கிலோமீற்றர் எழுதியிருக்கும். 96,000 எண்டு சொல்லுற காரில கிளட்ச் பெடல் றப்பர் வழுவழுத்து, சாரதி சீற்றின்ர கதவுப் பக்க விளிம்பு நைஞ்சு போயிருந்தா அந்த இலக்கத்தை நம்ப வேண்டாம்.

புதுக்குடியிருப்பு_ரெண்டுபேர்

எல்லாருக்கும் நன்றி. ஆர்எக்ஸ்-8ஐ விட்டிட்டம். மனுசி முதலில செலிக்காவைப் பாப்பம், கொம்பிறஷன் சரியில்லாட்டி சிஆர்-இசட் எண்டு சொல்லுறா. சிஆர்-இசட் விக்கிறவர் போன வருசம் பற்றறி “செய்தது” எண்டு சொல்லுறார். அது நல்லதோ?

ஸ்பனர்14

என்ன செய்தது எண்டு கேளுங்கோ. முழுப் பெட்டியும் புதுசா மாத்தினதெண்டா பில் இருக்கும், நல்லம். செத்த நாலைஞ்சு செல்லை மட்டும் மாத்தினதெண்டா, பழசும் புதுசும் ஒரே அளவு சார்ஜ் பிடிக்காது. பழசு முதல் இறங்கி முழுப் பெட்டியையும் இழுத்து விழுத்தும். நான் சொன்ன மூண்டாம் கியர் சோதனையை அண்டைக்குக் காலமை ஒருக்கா, ஒரு மணித்தியாலம் ஓடிச் சூடாகினாப் பிறகு ஒருக்கா செய்யுங்கோ. ரெண்டாந்தரம் கோடு விழுந்தா, புதுப் பற்றறியின்ர முழு விலையையும் கழிச்சுத்தான் கேக்கோணும். செலிக்காவுக்குப் போகேக்க கொம்பிறஷன் கேஜும் ஒரு பிளக் சொக்கற்றும் நீங்களே கொண்டுபோங்கோ, அங்க இருக்கும் எண்டு நம்பிப் போகாதேங்கோ.